துணி அலசிய தண்ணீர்

ரத்னமாலா சமணக் குடும்பத்தவர். குடிநீரைத் துணியில் வடிகட்டுவார். துணியில் தங்கும் சிற்றுயிர்கள் சாகக்கூடாது என்று, அதை அலசிய நீரைக் குடியிருப்பின் கிணற்றிலேயே ஊற்றிவிடுவார். கிணறு வறண்ட பிறகும் நிறுத்தவில்லை. நீர் அடிமண்ணில் சொத்தென்று விழும்.

கிணற்றை மூட மண் லாரி வந்த காலையில், சங்கச் செயலாளர் கோகுல் மொட்டைமாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"அக்கா, போர் மோட்டாரைக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்து ஒரு வாரமாவுது. கரண்ட் மீட்டர் அசையவே இல்ல. டேங்க் மட்டும் ரொம்பி வழிஞ்சிக்கினு இருக்குது!"

"யாராச்சும் தண்ணி லாரி வரவச்சாங்களா?"

"இல்லக்கா."

"சரி, வடிகட்டியே குடிப்போம்பா."

குழாயைத் திறந்து வடிகட்டினார். துணியை அலசிய சொம்போடு கிணற்றடிக்குப் போனார். கோகுல் கைகாட்ட, லாரிக்காரர் இன்ஜினை அணைத்தார்.

ரத்னமாலா சொம்பைக் கவிழ்த்தார்.

ஆழத்தில், தண்ணீர்மேல் தண்ணீர் விழுந்தது.