காலி நாற்காலி

தொண்ணூற்று நான்கா, ஐந்தா என்று கிளீட்டஸுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மலேசியாவில், மெர்லிமாவில் மனநல ஆலோசகராக இருந்தார். தங்கை தேவமலர் புல் மருந்து என்கிற களைக்கொல்லியைக் குடித்துச் செத்ததிலிருந்து பேசாமலிருந்த பவானேஸ்வரியை அவள் வேலை செய்த ஃபேக்டரியிலிருந்து அவரிடம் அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம், அவள் எதிரே காலி நாற்காலியைப் போட்டார்.

“தங்கச்சி சாவுக்குக் காரணமானவன் இதுல இருக்கான்னு நெனச்சுக்கம்மா. மனசுல உள்ளதக் கொட்டு.”

அன்றுதான் வாய் திறந்தாள்.

“காலி நாற்காலி எதுக்கு சார்? புருஷன் அடிக்கிறான்னு தேவமலர் இங்க வந்து அழுதாளே. ‘பொறுத்துப் போம்மா’ன்னு நீங்கதானே திருப்பி அனுப்புனீங்க?”

கிளீட்டஸ் எழுந்தார்.

“உட்காருங்க லா. பன்னெண்டு வாரம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இன்னும் ஒம்பது இருக்கு.”

ஒன்பது வாரமும் வந்து கொட்டினாள். குணமாகி வேலைக்குத் திரும்பினாள். தேவமலரின் புருஷன் மறுகல்யாணம் செய்துகொண்டான். கிளீட்டஸ் ஆலோசனைத் தொழிலை விட்டுவிட்டார். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.