கடைசித் துண்டு

ஓடிப்போன தம்பிக்காக அம்மா அழுது பேசிய வீடியோவை மேகலை கிளவுடில் ஏற்றி வைத்திருந்தாள். ஏற்றுவதற்குக் கட்டணமில்லை, யாராவது பார்க்க, அது கிளவுடிலிருந்து அவர் போனுக்குப் போனால்தான் கட்டண மீட்டர் ஓடும். இன்று அது வெறி பிடித்தாற்போல் ஓடியது.

“அக்கா, ஒரே போன்லேர்ந்து திரும்பத் திரும்பப் பாக்குறான். எவனோ வேலவெட்டி இல்லாதவன். பில்லு எகிறுது, வீடியோவ நிறுத்திடவா?” என்றான் சர்வரைக் கவனிக்கும் யூசுப்.

“முழுசாவா பாக்குறான்?”

“இல்லக்கா. கடைசித் துண்டு மட்டும்தான் போவுது.”

கடைசித் துண்டில் அம்மா, “போன் பண்ணுடா சின்னு,” என்பாள்.

பொத்தானை நெருங்கிய யூசுப்பின் கையை மேகலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடட்டும்டா!”

சட்டென்று மீட்டர் தானாகவே நின்றது. மேசைமேல் கிடந்த தன் கைப்பேசியை அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.