மச்சான் கட்டிய ஃபீஸ்

மகள் தெய்வானையின் காலேஜ் ஃபீஸை மச்சான் பொங்கியண்ணன் கட்டிவிட்டார் என்றதும் கந்தப்பனுக்குச் சந்தேகம் தட்டியது.

"உன்ற அண்ணன் சும்மா கட்டுவாரா? நாளைக்கு முறைப்பொண்ணுன்னு சொல்லி அவரு பையனுக்குக் கேப்பாரு" என்றார் மனைவியிடம்.

"எங்கண்ணன் அப்படிப்பட்டவரில்லீங்க."

கந்தப்பன் கேட்கவில்லை. எருமையை விற்ற பணத்தோடு மச்சானின் ஊரான வடகரப்பதிக்குப் போனார்.

"மச்சான், இதை வாங்கிக்குங்க. என்ற பொண்ணை உங்க பையனுக்குத் தர முடியாதுங்க."

பொங்கியண்ணன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தந்துறாதீங்க மாப்ளே. எட்டாவதுல பெயிலானதுலிருந்து சீட்டாட்டந்தான் அவனுக்கு வேலை. என்ற ஊட்டுக்காரிதான் தெய்வானையைக் கேக்கச் சொல்லி உசுரெடுக்கறா. அதுக்குத்தான் ஃபீஸ் கட்டுனனுங்க. புள்ள பி.ஏ. முடிச்சுட்டா, பொண்ணு கேக்க அவளுக்கே வாய் வராதுங்க."