ஆனந்தவள்ளியின் திரை

ஆனந்தவள்ளி டீ டம்ளரை மேசையில் வைத்ததும், "தேங்க்ஸ் மேடம்" என்றான் பாண்டிராஜ்.

ஒரு காலத்தில் 'ஏட்டி வள்ளி' என்று கூப்பிட்ட வாய்தான் அது.

பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே வகுப்பு. இன்று அவள் தென்காசி போலீஸ்காரர் சிவசைலத்தின் மனைவி. அவன் மேலகரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், மெஷினைச் சரிபண்ண வந்த ஆள். கதவைத் திறந்தது அவள் என்று கண்டதும் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிவிடலாமா என்று நினைத்தான். அதற்குள் சிவசைலம் ஃபேனைப் போட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டார்.

அவளோ தண்ணி கேன் போட வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

பாண்டிராஜுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன்னை மறக்கவில்லை என்று அவள் எப்படியாவது காட்டிவிட வேண்டும். பேசக்கூட வேண்டாம், ஒரு பார்வை போதும். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது இப்படி ஆசைப்படுவது தப்பு என்றும் தெரிந்தது. ஆசை என்ன, அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது?

மெஷின் சின்னதுதான். மரப்பலகையில் பேர் செதுக்கும் சிஎன்சி. சிவசைலம் பொழுதுபோக்குக்கு வாங்கியது. அருவி சீசன் ஆரம்பித்து, அவருக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து டூட்டி விழுந்ததும் அது அவள் கைக்கு வந்துவிட்டது. அருவிக்கரைக் கடைகளுக்குப் பேர் போட்ட சாவிக்கொத்து செய்து கொடுக்கிறாள். ஆனால் அதை ஓட்டுகிற தொடுதிரையில் ஆயிரத்தெட்டுப் பொடிப் பொத்தான்கள். ஒன்றைத் தொடப் போனால் இன்னொன்று அமுங்கிப் பலகை பாழாகிறது.

"இவளுக்குத் தோதா மாத்திக் குடுங்க தம்பி," என்றார் சிவசைலம்.

பாண்டிராஜ் வேலையில் இறங்கினான். வேண்டாத பொத்தான்களை எல்லாம் தூக்கினான். வேண்டியதைப் பெரிதாக்கித் தமிழில் பேர் வைத்தான். ஓடு, நில், தூக்கு, இறக்கு. செதுக்கப் போகும் படம் நன்றாகத் தெரிய இடம் விட்டு, பொத்தான்களை ஓரமாக அடுக்கினான்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுக்களைக்குப் போனாள், வந்தாள். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

வேலை முடிந்ததும் சிவசைலம் குனிந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, பூராத்தையும் இடப்பக்கம் வச்சிருக்கிய? இவளுக்குச் சோத்தாங்கைதான பழக்கம். கையக் குறுக்க நீட்டுனா படத்த மறைக்குமே."

பாண்டிராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவள் இடது கைக்காரி. டிராயிங் வகுப்பில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, கோடு போடும் அவள் முழங்கையில் இடிபட்டு இடிபட்டு, அவன் தாளில் ஒரு கோடும் நேராக விழுந்ததில்லை. வேறு இடம் மாறி உட்காரத் தோன்றியதும் இல்லை. இப்போது யோசிக்காமலே அவன் கை அந்தப் பொத்தான்களை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்பே அவள் வீட்டில் அதட்டி, வலது கைக்குத் திருத்தியிருக்க வேண்டும். கட்டினவருக்கே தெரியவில்லை.

"ஏதோ ஞாபகத்துல வச்சிட்டேன் அண்ணாச்சி," என்றான். "இப்பமே மாத்திருதேன்."

"வேண்டாம்."

ஆனந்தவள்ளி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இங்கனயே இருக்கட்டும். நான் பழகிக்கிடுதேன்," என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு இடது கையை நீட்டி, பொத்தானை அமுக்கினாள்.