புது மீட்டர் யார் பெயரில்?

“இப்பிடிக் கொஞ்சப் பேராலதான் சேர் கம்பனிக்குத் தலையிடி!”

மட்டக்களப்பில் நடந்த பகிரங்க விசாரணையில் மின் கம்பனி அதிகாரி நேசராசா குரலை உயர்த்தினான். பழைய மீட்டரைக் கழற்றிப் புது மீட்டர் பூட்டும் திட்டத்தை எழுதியவனே அவன்தான். வீட்டில் இல்லாத ஆளின் பெயரில் பில் வந்தால் புது மீட்டர் கிடையாது. பெயரை மாற்றாவிட்டால் கரண்ட் கட்.

அதை எதிர்த்து நின்றவர் செங்கலடி சீதேவிப்பிள்ளை என்ற அம்மா ஒருவர்தான்.

திட்டத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டிய ஆணைக்குழுத் தலைவர் ஹமீட் அவரைக் கேட்டார்.

“பில் ஆர்ட பேர்லம்மா வருது?”

“என்ட புருசன்ட பேர்ல, சேர்.”

“அவர் வீட்டில இல்லையாமே?”

“ஓம், இல்ல.”

“அப்ப உங்கட பேருக்கு மாத்துறதுக்கு என்ன?”

“மாத்த மாட்டன். கரண்டையும் வெட்டப்படாது.”

பின்வரிசையில் சிரிப்பு.

“சலுகைக் கட்டணம் போயிரும் எண்டு பயம்!” என்றார் ஒருவர்.

நேசராசாவும் சிரித்தான். நன்றாகத்தான் சிரித்தான், பாவி.

“பெரிய வேலையில்லம்மா. அவர்ட மரண அத்தாட்சிப் பத்திரத்தக் கொண்டு வாங்க. ஒரே நாளில மாத்தித் தாறன்.”

“அதத்தான், மகன், எடுக்க மாட்டன் எண்டுறன்.” சீதேவிப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தார். “சண்டை நேரம் வயல் வட்டைக்குத் தண்ணி கட்டப் போன மனிசன் திரும்பி வரல்ல. உடம்பும் கிடைக்கல்ல. ஒரு மீட்டருக்காக அவர் செத்துப் போனாரெண்டு நானே எழுதிக் குடுக்கவா?”

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க, நேசராசா?” என்றார் ஹமீட்.

அவன் எழுந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அந்த விதிய எடுத்திருவம், சேர்.”

“நீங்க எழுதின விதிதானே?”

“ஓம் சேர்.” அவன் சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. “பரீட்சித்துப் பார்க்கவெண்டு கல்லடியில என்ட வீட்டுக்கு முதலே புது மீட்டர் பூட்டியாச்சு. சுனாமியில அள்ளுப்பட்டுப் போன அம்மாட பேர்ல. அவவுக்கு நான் இன்னும் பத்திரம் எடுக்கல்ல.”