ஆறாவது கடை

கிதாரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை நோட்டம் விட்டார் மாப்பிள்ளை. பிறகு மெல்ல உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பியெல்லாம் ரொம்ப உயரமா நிக்குது மாமா. இது வேணாம்."

"நானும் அதைத்தான் பார்த்தேன்" என்று மாமனாரும் தலையாட்டினார். கடைக்காரர் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஸ்டீல் கிதாரை மறுபடி அலமாரியில் ஏற்றினார்.

அது ஐந்தாவது கடை. நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக இருவரும் பழைய வாத்தியக் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு வாசிக்கிற அந்த வாத்தியத்தை அக்கம்பக்கத்தில் யாரும் புதிதாக விற்பதில்லை. பழசாகக் கிடைத்தால்தான் உண்டு. கிடைத்ததில் எல்லாம் மாப்பிள்ளை ஏதாவது குற்றம் கண்டுபிடித்தார். ஒன்றில் மரத்தில் கீறல், ஒன்றில் முறுக்காணி ஆட்டம், மூன்றாவதன் நிறமே அவருக்குப் பிடிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளைக்கு ஸ்டீல் கிதாரில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தோரணை அங்கே படிந்தது.

எல்லாம் வாயால் வந்த வினை. முதல் சந்திப்பில், "எங்கப்பா அந்தக் காலத்துல ஸ்டீல் கிதார் வாசிச்சவர்" என்று பெண் கண் விரியச் சொன்னபோது, "நானும் வாசிப்பேன்" என்று நாக்கு முந்திக்கொண்டது. அந்த நிமிடமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிதார் எங்கே என்று கேட்டதற்கு, கரையான் அரித்துவிட்டது என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வரும் வெள்ளிக்கிழமை அவள் பெற்றோரின் முப்பதாவது திருமண நாள். அன்றைக்கு அப்பாவும் கணவரும் மாறி மாறி வாசித்தே ஆகவேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மாமனாரோ, தம் கிதாரை மகள் பிறக்கும் முன்பே ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டவர். அதனால் கடைகளின் பட்டியலை அவளே எழுதி, இருவரையும் அனுப்பி வைத்தாள். பட்டியலில் இன்னும் ஒரே ஒரு கடை பாக்கி.

போகிற வழியெல்லாம் மாமனார் தாம் வாசித்த மேடைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கைதட்டல் அடங்கவே கால் மணி நேரம் ஆகுமாம். மாப்பிள்ளையின் நடை மெதுவாகிக்கொண்டே போனது.

ஆறாவது கடைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். மகள் காலையிலேயே போன் செய்துவிட்டாளாம். கடையின் பின்பக்கம், சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குட்டி அறைக்குள் இருவரையும் உட்கார வைத்தார். ஜன்னல்கூடக் கிடையாது. கிதார் தயாராக இருந்தது.

மாப்பிள்ளை அவசரமாகக் குற்றம் தேடினார். மரத்தில் ஒரு சின்னக் கோடுகூட இல்லை. முறுக்காணி எல்லாம் இறுக்கமாக இருந்தன. கம்பிகள் நேற்றுத்தான் மாட்டியவை.

"பெரியவர் முதல்ல வாசிச்சுப் பாருங்க" என்று கடைக்காரர் எஃகுத் துண்டை நீட்டினார்.

மாமனார் அதை வாங்கிய வேகத்தில் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார். "சேச்சே, மாப்பிள்ளை இருக்கறப்ப நானா? அவர் கைதான் முதல்ல படணும்."

இன்னும் ஐந்து நிமிடத்தில் மகள் கூப்பிடுவாள், வாசிப்பதை அவள் போனில் கேட்ட பிறகு பில் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் வெளியே போனார். கனமான கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

 மின்சாரம் போகாதா, போன் செத்துப்போகாதா என்று மாப்பிள்ளை வேண்டாத தெய்வமில்லை. படிப்பைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதற்காகவே, இவருக்கு முன்னால் பெண் பார்க்க வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியவள் அவள். இந்தப் பொய் தெரிந்துவிட்டால், இனி இவர் சொல்கிற எதை நம்புவாள்? அவள் முகம் மாறுவதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. திரையில் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் தாங்கவில்லை. மாப்பிள்ளை கிதாரைத் தூக்கி மாமனாரின் மடியில் கிடத்திவிட்டு, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க. எனக்கு வாசிக்கவே தெரியாது. அவளைக் கட்டிக்கணுங்கற ஆசையில பொய் சொல்லிட்டேன். இந்த ஒரு தடவை நீங்க நாலு வரி வாசிச்சுடுங்க. நான் வாசிச்சதா அவ நெனச்சுக்கட்டும்."

மாமனார் கோபப்படவில்லை. சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். விடாமல் அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் தெரியுமா மாப்பிள்ளை?"