அவள் வீட்டு அடிகுழாய்

கதவைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

ஆறு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. இது குணவதியின் வீடு.

போன மாதம் சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனவர்கள் இன்று காலையில் திரும்பி வந்தார்கள். தட்ட வந்தவளின் வீட்டு அடிகுழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள்.

"இனிமே ஒரு வாய்கூடக் குடிக்காதீங்கம்மா. பக்கத்துக் கொட்டகையில கம்பத்துக்கு ஏத்துற மருந்து நிலத்துக்குள்ள எறங்கியிருக்கு. ஆர்செனிக். விஷம்."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. கரையான் அரிக்காமலிருக்க மரக் கம்பங்களை மருந்துத் தொட்டியில் ஊறவைப்பார்கள். பச்சை நிறத்தில் வெளியே வரும். சொட்டச் சொட்ட வெறும் மண்ணில் அடுக்குவார்கள். இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தண்ணீரில் நிறமில்லை. வாடையில்லை.

தெருக்குழாய் நின்றுபோன கோடையில் அவள்தான் கேட்டைத் திறந்துவைத்தாள். வேண்டிய மட்டும் அடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு யாரும் வேறு தண்ணீர் தேடவில்லை.

அப்போது குணவதிக்கு ஏழு மாதம். அவளைக் குனியவே விடவில்லை. தானே அடித்து, தானே இடுப்பில் சுமந்துவந்து, இதே வாசலில் இறக்கிவைத்தாள்.

அந்தப் பிள்ளைதான் இளமதி. நாலு வயது. பிஞ்சு உள்ளங்கையெல்லாம் காய்ப்பு காய்த்துக் கிடந்தது.

தை மாதம் போய்விட்டாள்.

எந்த டாக்டருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. குணவதியின் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் இருக்கும்போது கண்டதையும் தின்று பிள்ளையைக் கெடுத்துவிட்டாளாம். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். குணவதி ஒரு நாளும் மறுக்கவில்லை. அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

தட்டினாள்.

குணவதி கதவைத் திறந்தாள்.

வந்தவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகை. மண். குழாய்.

"நாந்தான் குணா குடுத்தேன். என் கையால."

குணவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

குணவதி கத்துவாள் என்று வந்தவள் காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.



குணவதி வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டாள். தைக்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

"அத்தே, கொஞ்சம் இங்க வாங்க."

உள்ளே கட்டில் முனகியது. காலடி நெருங்கியது.

குணவதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்கக்கா. சத்தமா."